பட்டாசலுக்கு அடித்த ராமர் பச்சை

எய்யா,

நேற்று நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. புதிதாக வாங்கியிருக்கும் ஃபிளாட்டின் ஹாலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று நாலு ஷேடு கார்டைப் படம் பிடித்து அனுப்பி, உங்களுக்கு எதுப்பா பிடிச்சிருக்கு என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழேயே, கோயம்புத்தூரில் அம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து கூட்டிப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே செய்தியில். மறதி நோய் கண்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம், சுத்தமாக இருக்கிறது, நர்சுகள் இருக்கிறார்கள், மாதம் ஒருமுறை நாம் போய்ப் பார்க்கலாம் என்றாய். நான் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். போனில் பேசினால் நீ 'புரியுதுப்பா, புரியுதுப்பா' என்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஆலங்குளம் தாலுகா ஆபீஸில் ஆயுசு முழுக்க ஊரார் மனுவைப் படித்தவன் நான். ஒரு மனு எழுத எனக்கும் உரிமை உண்டு. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஷேடு கார்டு விஷயம். நீ அனுப்பிய நாலில் இரண்டு எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. போன் பழசு என்று நினைக்காதே, என் கண்ணே அப்படித்தான். பச்சையையும் சிவப்பையும் பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதென்று எனக்குச் சொல்லத் தெரியாது. உன் சித்தப்பாமார் இரண்டு பேரும் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் போனபோது நானும் தேர்வுக்குப் போனேன். ஓடினேன், தாண்டினேன், எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியில் கண் டாக்டர் புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தை விரித்து இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து, மார்பளவு போதவில்லை என்று சொல்லிவிட்டேன். ஊரில் இன்றுவரை அதுதான் பேச்சு, உனக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தது உன் அம்மா ஒருத்திக்குத்தான்.

அவளிடமும் நானாகச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த முதல் தீபாவளிக்கு, யாரையும் கேட்காமல் நானே கடைக்குப் போய் ஒரு சேலை எடுத்து வந்து, உனக்குப் பிடித்த பச்சை என்று பெருமையாக நீட்டினேன். அவளும் வாங்கி உடுத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, அரக்குச் சேலை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அன்று சாயங்காலம் அவள் ஒரு தட்டில் பச்சை மிளகாயையும் பழுத்த மிளகாயையும் கலந்து வைத்து, பழுத்ததை மட்டும் எடுங்க பார்ப்போம் என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நிறத்த எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க விலைய மட்டும் பாருங்க" என்றாள். அன்றைக்குச் செய்துகொண்ட ஏற்பாடுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு திரைச்சீலையோ ஒரு தலையணை உறையோ நான் தேர்ந்தெடுத்ததில்லை. ஜவுளிக்கடையில் உன் அம்மா என் முழங்கையைத் தொட்டு, 'அந்த மூணாவது' என்பாள். நானும் விவரம் தெரிந்தவனைப் போலக் கடைக்காரரிடம், அந்த மூணாவதை எடுங்க என்பேன்.

வீட்டுக்கு நிறம் அடிப்பதும் அப்படித்தான். அவள் வந்தபோது இது முழுக்க வெறும் சுண்ணாம்பு அடித்த வீடு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை, தப்பினால் கொஞ்சம் நீலம். அவள்தான் தன் முகூர்த்தச் சேலையின் ரவிக்கைத் துணியில் ஒரு முனையை வெட்டி எடுத்துக்கொண்டு தென்காசியில் பெயிண்ட் கடைக்குப் போய், இந்த நிறம் வேண்டும் என்று கேட்டவள். சுவருக்குச் சேலை உடுத்தப் போறியளா என்று கடைக்காரர் கேலி செய்திருக்கிறார். உன் அம்மா அசரவில்லை. வாசலைத் தாண்டியதும் இருக்கிற நம் பட்டாசலில் நெஞ்சு உயரத்துக்கு ராமர் பச்சை, அதற்கு மேலே வெண்ணெய் நிறம். அடுக்களைக்கு மாம்பழ மஞ்சள். எல்லாமே சேலைக் கடைப் பெயர்கள்தான். எனக்கு அந்தப் பச்சை காய்ந்த சாணி மாதிரி தெரிந்தது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் நுழைந்தவுடன், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். அதை வைத்துத்தான் அந்தச் சுவர் நன்றாக இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டேன்.

நீ பத்தாவது படிக்கும்போது உன் அறைக்குக் கறுப்பு அடிக்க வேண்டும் என்று அடம் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? வீடா அது, சுடுகாட்டு மண்டபமா என்று நான் குதித்தேன். அம்மாதான் குறுக்கே வந்தாள். அவன் சுவத்துலதான அடிக்கான், நம்ம மூஞ்சியிலயா அடிக்கான் என்றாள். கதவுக்குப் பின்னால் இருக்கிற சுவரை உனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி கொடுத்தாள். நீ அடித்தாய், ஒரே மாதத்தில் உனக்கே சலித்தது, பிறகு அதில் சாக்பீஸால் கணக்குப் போட்டாய். ஒரு வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சுவராவது அவர்கள் இஷ்டத்துக்கு இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அந்தச் சட்டத்தால் நல்ல பலனை அடைந்தவன் நீ. சென்ற வருஷம் அதை மறந்தவனும் நீ. நானும் கூடத்தான்.

சென்ற வருஷம் திருநெல்வேலி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இது மறதி நோயின் ஆரம்பம் என்று சொன்னவுடன் நீ லீவு போட்டு ஓடி வந்தாய். அந்த ஓட்டத்தில் கலப்படம் இல்லை, அதை என்றைக்கும் சொல்வேன். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று உனக்கு இருந்தது. நோயை ஒன்றும் செய்ய முடியவில்லை, வீட்டைச் செய்தாய். வெளிச்சமாக, காலியாக, ஒரே நிறமாக இருந்தால் அம்மாவுக்கு மனசு அமைதியாக இருக்கும் என்று எங்கேயோ படித்தேன் என்றாய். நம் சுவரையே போனில் படம் பிடித்து, அதன் மேலேயே நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டினாய். ஆட்கள் வந்தார்கள். பச்சையைத் தேய்த்து எடுத்தார்கள், பட்டி பார்த்தார்கள், வீடு முழுக்க ஒரே வெள்ளை, லேசாகச் சாம்பல் கலந்த வெள்ளை. காலண்டர்களை எடுத்தாய், வரிசையாக மாட்டியிருந்த போட்டோக்களை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டாய், மேலே கூரைக்குப் பலகை அடித்து அதற்குள் விளக்கு வைத்தாய். ஆட்கள் உப்புத்தாளோடு சுவர்ப் பக்கம் போனபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பட்டாசல்ல பச்சைய எடுக்கணுமாய்யா?" நீ அவள் தோளைக் கட்டிக்கொண்டு, இது பழைய பஸ் ஸ்டாண்டு கலரும்மா என்றாய். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வெள்ளை எனக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். என் வீட்டில் எல்லாரும் பார்ப்பதை நானும் அப்படியே பார்ப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேலை முடிந்த அன்றைக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்து, பிரமாதம் என்று சொன்னேன். அவளைக் கேட்காமல் நிறத்தைப் பற்றி நான் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நீ ஊருக்குப் போன மறுநாளிலிருந்து அவள் நாற்காலி நுனியில் உட்கார ஆரம்பித்தாள். விருந்துக்கு வந்த வீட்டில் உட்காருவோமே, அப்படி. அடுக்களைக்குள் போகத் தயங்கினாள். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டாள். கொஞ்ச நாளில் என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். முன்பின் தெரியாத ஆம்பிளையை நம் பக்கத்துப் பொம்பிளைகள் மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி. முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது, ஏட்டி, நான் உனக்கு அண்ணாச்சியா என்று கேட்டேன். அவள் பயந்துபோய்ச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு நான் அவளை ஏட்டி என்று கூப்பிடவில்லை. சாயங்காலமானால் ஒரே பேச்சு, வீட்டுக்குப் போணும், நேரமாச்சு. டாக்டரிடம் கேட்டேன். நோய் தன் போக்கில் முற்றத்தான் செய்யும், பெயிண்ட் அடித்ததால் வந்ததில்லை என்றார். அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். என்னால்தான் நம்ப முடியவில்லை.

வீடு வீடு என்கிறாளே, பிறந்த வீட்டைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அவளைப் புளியங்குடிக்குக் கூட்டிப் போனேன். உன் மாமா மகன் எலுமிச்சை மூட்டைகளை ஒதுக்கி வழி விட்டு, வாங்க அத்தை என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். எல்லா அறையையும் மரியாதையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, இது இல்ல என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில், உங்க வீடு எப்படி இருக்கும், அடையாளம் சொல்லுங்க, கொண்டு விடுதேன் என்று நானும் தெரியாத ஆள் மாதிரியே கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உள்ள நுழைஞ்சதும் பட்டாசல்ல ராமர் பச்சை அடிச்சிருக்கும். அடுக்கள மஞ்சளா இருக்கும். எங்க வீட்டுக்காரக தாலுகா ஆபீஸ்ல இருக்காக, கேட்டா யாரும் சொல்லுவாக." எய்யா, அவள் தேடுகிற வீடு நாம் வெள்ளைக்கு அடியில் போட்டு மூடிய வீடு. எனக்கு பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது. ஆனால் அழுகையோடு ஒரு நம்பிக்கையும் வந்தது. மூடியதைத் திரும்ப வெளியே கொண்டுவந்தால் அவளும் திரும்ப வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். நான் பால் வாங்கப் போன நேரத்தில், ஒரு துணிப்பையோடு, சாரலில் நனைந்துகொண்டே இலஞ்சி வரைக்கும் நடந்திருக்கிறாள். சீசன் நேரம், குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் எப்படிப் பாயும் என்று உனக்குத் தெரியும். கோயில் பக்கம் பூக்கட்டுகிற அம்மா பிடித்து உட்கார வைத்து, விசாரித்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். நீ அதைக் கேட்டுப் பதறினாய். இனிமேல் உங்களால் முடியாதுப்பா என்றாய். நான் மறுத்தபோது ஒரு வார்த்தை சொன்னாய். "அவங்களுக்குத்தான் வீடே தெரியலையேப்பா, எங்க இருந்தா என்ன?" உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. அந்த வார்த்தைக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பதிலும் இருந்தது. கொஞ்சம் பொறு, நீ வருகிறபோது அவளுக்கு வீடு தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாரியப்பன் என்று நம் தெருவுக்கு அடிக்கிற பெயிண்டரைக் கூப்பிட்டேன். அவன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சாரல் நிற்காமல் தொடக்கூடாது, ஓதம் ஏறிக் கிடக்கிறது, அடித்தால் தோல் மாதிரி உரியும், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது என்றான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். சாரல் நிற்கிறவரைக்கும் நீ எங்கே பொறுப்பாய்? உரிந்தால் உரியட்டும், அடி என்றேன். எந்தப் பச்சை என்று கேட்டான். அங்கேதான் நான் அகப்பட்டுக்கொண்டேன். பீரோவைத் திறந்து சேலைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். முகூர்த்தச் சேலை எது என்று சரிகையை வைத்து ஓரளவு கண்டுபிடித்தேன். அதன் ரவிக்கை எது என்று தெரியவில்லை. அவளைக் கேட்கலாம் என்று திரும்பினால், அறை வாசலில் நின்று, இந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியாம அவுக சேலைய எடுக்காதீய அண்ணாச்சி என்று எனக்குப் புத்தி சொன்னாள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதுதான்.

கடைசியில் மாரியப்பனிடம், எனக்குப் பச்சை தெரியாதுப்பா என்று சொன்னேன். உன் அம்மாவுக்கு அடுத்தபடி அவனிடம்தான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எங்க மச்சினனுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு போனில் பேசிக்கொண்டே சுவிட்ச் போர்டைக் கழற்றினான். நீ கூட்டிவந்த ஆட்கள் போர்டைக் கழற்றாமலே சுற்றிப் பட்டி பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் பழைய சுவர் அப்படியே இருந்தது. காரையோடு பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோய் மெஷினில் காட்டிக் கலந்து வாங்கினோம். அதேதானா, அதேதானா என்று நான் கேட்டுக் கேட்டு அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. எனக்கு அது சாணி மாதிரிதான் தெரிந்தது. அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

பட்டாசலில் நெஞ்சு உயரத்துக்கு அடித்தோம். மேலே வெண்ணெய் நிறம். ஈரம் காய ஃபேனைத் திருப்பி வைத்தேன். அட்டைப்பெட்டியைத் திறந்து போட்டோக்களை எடுத்து, உன் பழைய படங்களில் பின்னால் தெரிகிற சுவரைப் பார்த்து அந்த அந்த இடத்தில் மாட்டினேன். காலண்டரும் மாட்டினேன். நீ வைத்த மேல் விளக்குகளை அணைத்துவிட்டுப் பழைய டியூப்லைட்டைப் போட்டேன். வேலை நடக்கிறவரைக்கும் அவளைப் பின்னறையில் வைத்திருந்தேன். எல்லாம் முடிந்த காலையில் அவளைக் குளிக்க வைத்து, தலை சீவி விட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவனைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அவள் நின்றாள். சுவரைப் பார்த்தாள். கிட்டே போய் விரலை வைத்தாள், அது இன்னும் முழுசாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. விரலைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது எய்யா. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத முகம். "ராமர் பச்சை" என்றாள். அவள் என் பக்கம் திரும்பினாள். "நல்லாப் பாத்து அடிச்சிருக்கீய அண்ணாச்சி. எங்க வீட்லயும் இதேதான். கொஞ்சம் மழ வெறிச்சதும் என்னய கொண்டு விட்ருங்க. அவுக தேடுவாக."

நான் சரி என்றேன். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், நான்தான் தேடுகிறேன் என்று எந்த மொழியில் சொன்னால் அவளுக்கு விளங்கும்? அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மழை நின்று வானம் வெறிக்கக் காத்திருந்தாள். நிறம் சரியாகத்தான் இருக்கிறது. மெஷினும் மாரியப்பனும் பிழை செய்யவில்லை. நீ வெள்ளை அடித்ததும் இதற்குக் காரணமில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது, டாக்டர் சொன்னதுதான் சரி. உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தவரைக்கும் எனக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. குற்றம் நம்முடையது என்றால் அதைத் திருத்தலாமே. இப்போது திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. மேற்குச் சுவரில் பெயிண்ட் குமிழ் விட ஆரம்பித்துவிட்டது, மாரியப்பன் சொன்னபடியே. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

உன் ஃபிளாட்டுக்கு எது நல்லது என்று கேட்டாய். என்னைக் கேட்காதே, காரணம் சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் உன் மனைவி, பகல் முழுக்க அந்தச் சுவர்களைப் பார்க்கப் போகிறவள் அவள். அவளைக் கேள். அவள் சொல்கிற நிறம் உனக்குப் பிடிக்காவிட்டாலும் அடி, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தாலும் அடி. வருகிறவர்கள் என்ன சொன்னாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொள், போதும். அப்படிப் பார்ப்பதற்கு ஒரு ஆள் இருக்கிறவரைக்கும்தான் அதெல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை வா, நான் தடுக்கவில்லை. பாலுக்குப் போய்த் திரும்புகிற நேரம்கூட அவளைத் தனியே விட எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கும் வயசாகிவிட்டது. அவள் துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். எது எதற்குப் பொருத்தமான ரவிக்கை என்று எனக்குத் தெரியாது, அங்கே இருக்கிற நர்சுகளைப் பார்த்து உடுத்திவிடச் சொல். வெந்நீரில்தான் குளிப்பாள். உன் குரல் மட்டும் அவளுக்கு இன்னும் தெரிகிறது, போனில் நீ பேசினால் எய்யா என்கிறாள், அதனால் நீ கூப்பிட்டால் பயப்பட மாட்டாள். வந்ததும் கோயம்புத்தூர், டாக்டர், இல்லம் என்றெல்லாம் அவளிடம் விளக்காதே. என்னைக் காட்டி, அப்பாகிட்ட சொல்லிட்டு வாங்கம்மா என்றும் சொல்லாதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'வாங்கம்மா, வீட்டுக்குப் போவோம்' என்று மட்டும் சொல். உடனே எழுந்து வந்துவிடுவாள்.

அப்பா